சிவப்பு நான்கு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

எலி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன், கையெழுத்தும் என்னோடு அங்கேயே நின்றுவிட்டது.

உன் முகவரிக்காகத் தையல்கடை அக்காவிடம் நான்கு முறை போனேன். மூன்று முறை பட்டன் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். நான்காவது முறை அவளே, "ஒரு சட்டைக்கு எத்தனை பட்டன்டி தைப்ப? இந்தா, இதுதானே வேணும்?" என்று ஒரு துண்டுத் தாளை நீட்டினாள்.

போன் செய்யலாமே என்பாய். உன் பழைய எண் வேலை செய்யவில்லை. செய்தாலும் போன் அம்மாவிடம் இருக்கிறது. என்னிடமே இருந்தாலும் போனில் எனக்கு "ம்" மட்டும்தான் வரும்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அன்று நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும்.

சுகாதார நிலையத்தில் எனக்குப் பெருக்கும் வேலை என்றுதான் உன்னிடம் சொல்லியிருந்தேன். சேர்ந்த இரண்டாம் வாரத்தில் பெரிய சிஸ்டர் என்னை டோக்கன் ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார். பதிவு மேசையில் அறை எண் எழுதிய சீட்டு கொடுப்பார்கள். அதை ஜன்னலில் நீட்டினால் நான் எண் போட்ட அட்டை ஒன்று தர வேண்டும். அட்டைகளை வெட்டுவதும் நான்தான். கையுறை வருகிற பெட்டியிலிருந்து வெள்ளை அட்டை, எதிர்க் கடையில் தூக்கிப்போடும் செருப்புப் பெட்டியிலிருந்து சிவப்பு அட்டை. ஆறாம் அறைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் சிவப்பு. எச்.ஐ.வி.க்கும் பால்வினை நோய்களுக்கும் பரிசோதனையும் மருந்தும் அங்கேதான்.

பெரிய சிஸ்டர் அதை நல்ல எண்ணத்தில்தான் செய்திருந்தார். "எதுக்கு வந்தோம்னு ஒவ்வொரு வாசல்லயும் அவங்க வாயால சொல்ல வேண்டாம் பாரு. அட்டையைக் காட்டினா போதும், நேரா உள்ள போயிடலாம்" என்பார். வாயால் சொல்ல வேண்டாம் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம்! நல்ல ஏற்பாடு என்றே நினைத்திருந்தேன்.

அன்று 'அறை 6' என்று ஒரு சீட்டு வந்தது. நான் நிமிராமல் சிவப்பு நான்கை வெளியே தள்ளினேன். வாங்கிய கையின் கட்டைவிரலில் தழும்பு இருந்தது. உன் தழும்பு. நிமிர்ந்தேன். உனக்குப் பின்னால் மாடிவீட்டு அத்தை, சர்க்கரை மாத்திரைக்கு வந்தவள், கையில் வெள்ளை முப்பத்தொன்று. உன் கையைப் பார்த்தாள், பிறகு உன் முகத்தைப் பார்த்தாள். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் ஏதாவது சொல்வேன் என்று.

அந்த ஜன்னல் கதவின் கீல் தளர்ந்து கிடக்கிறது. பிடித்திருக்காவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். நான் கையை எடுத்துவிட்டேன் அக்கா. கதவு மூடிக்கொண்டது. திறந்தபோது நீ இல்லை.

மாலை நான் வீட்டுக்கு வருவதற்குள் அத்தையின் பேச்சு படியிறங்கி வந்துவிட்டிருந்தது. அம்மா உன்னை என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. உன் அலமாரி பாதி காலியாக இருந்தது.

ஒன்று மட்டும் எழுது. அந்தப் பரிசோதனையை வேறு எங்காவது செய்துகொண்டாயா? வீட்டுக்கு எழுதாதே, நிலையத்துக்கு எழுது. 'டோக்கன் ஜன்னல்' என்று போட்டால் வரும்.

அட்டைகள் மாலையில் திரும்ப வந்துவிடும். சிவப்பு நான்கு மட்டும் வரவேயில்லை.

எலி


ஜனவரி 27

எலி,

நான்கு பக்கம்! இவ்வளவு வார்த்தை உனக்குள் இருந்ததா? அதில் ஒன்றே ஒன்றை அன்று அட்டையோடு சேர்த்துத் தள்ளியிருக்கலாமே.

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. ஜன்னலுக்குள் உன்னைப் பார்த்ததும் ஒரு நொடி எப்படி இருந்தது தெரியுமா? 'அப்பாடா, நம்ம எலிதான்' என்று இருந்தது. அடுத்த நொடி கதவு.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். உன் மாமா லாரியை விட்டு இறங்கிக் கட்டிலில் விழுந்து ஆறு மாதத்தில் போனார். நுரையீரல் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டை மாமியார் பிடுங்கி அடுப்பில் போடுவதற்குள் நான் ஒரு வரி படித்துவிட்டேன். அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டு ஒரு வருடம் நடந்தேன். அம்மா வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. கடைசியில் துணிந்து வந்து நின்ற இடம்தான் உன் ஜன்னல்.

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்காதே. அவளும் மறந்திருக்க மாட்டாள்.

இங்கே துறைமுகத்துப் பக்கம் இறால் உரிக்கிறேன். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை பனிக்கட்டியில் கை. தழும்பைத் தேடினால் இப்போது கிடைக்காது, பத்து விரலும் ஒரே மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன.

பரிசோதனை செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளவும் மாட்டேன்.

சிவப்பு நான்கு என்னிடம் இருக்கிறது. பஸ் கிளம்பிய பிறகுதான் கையை விரித்துப் பார்த்தேன். வியர்வையில் சாயம் கரைந்து உள்ளங்கை முழுக்க ஒட்டியிருந்தது. மூன்று நாள் போகவில்லை.

இனி எழுதாதே. எழுதினால் பெரிய எழுத்தாக எழுது, இந்த அறையில் விளக்கு மங்கல்.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

பெரிய எழுத்தாக எழுதுகிறேன். தாள் நிறைய ஆகும், பரவாயில்லை.

உன் கடிதத்தைத் துடைப்பம் வைக்கும் அறையில் நின்று படித்தேன். கதவு தானாகத்தான் மூடியது என்று இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன். கையை எடுத்தது நான்தான்.

இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது. உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

பொங்கி வழியும் கூட்டத்தில் கசங்கி, கிழிந்து, சிவப்பு அட்டைகள் எல்லாம் தீர்ந்துபோயின. செருப்புக்கடைக்குப் போனால் அவர்கள் பெட்டியைப் பழுப்பு நிறத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெரிய சிஸ்டரிடம் சொல்லலாம் என்று போனேன். அவர் மேசைக்கு முன்னால் நின்றேன். நான் பெருக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, எழுதுவதை நிறுத்தாமலே இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். நான் பெருக்கிவிட்டு வந்துவிட்டேன். மறுநாளும் போனேன். மறுநாளும் காலைத் தூக்கினார்.

வேறு வழியில்லாமல் எல்லாருக்கும் வெள்ளையே வெட்டினேன். ஒன்றிலிருந்து நூறு வரை ஒரே வரிசை. யார் எந்த அறை என்று அட்டையின் பின்பக்கம் பென்சிலால் சின்னதாக எழுதினேன், எல்லாருக்கும். மாலையில் ரப்பரால் அழித்துவிடுவேன்.

முன்பெல்லாம் வாசல் அண்ணன் தூரத்திலிருந்தே, "செவப்பெல்லாம் இந்தப் பக்கம்! செவப்பெல்லாம் இந்தப் பக்கம்!" என்று கத்துவார். இப்போது கத்துவதற்கு ஒன்றும் இல்லை. பீடிக்கட்டைத் தொலைத்தவர் மாதிரி பாவமாக நிற்கிறார்.

ஆறாம் அறைக்கு ஒரு நாளைக்கு நாலைந்து பேர் வருவார்கள். வெள்ளை கொடுத்த முதல் நாள் ஒன்பது பேர். அந்த வாரக் கடைசியில் பதினான்கு. மூன்று தடவை ஜன்னல் வரை வந்து, அட்டையைப் பார்த்ததும் வீட்டில் அடுப்பை அணைக்கவில்லை என்று சொல்லித் திரும்பிப் போனவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் உள்ளே போனாள் அக்கா. மாடிவீட்டு அத்தைகூட, ஆறாம் அறைக்குப் போக உட்கார்ந்திருந்த ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் தன் முட்டி வலியைப் பற்றிப் பேசினாள். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

நேற்று பெரிய சிஸ்டர் பயந்துவிட்டார். "என்னம்மா இது, திடீர்னு இத்தனை பேர்? ஏதாவது பரவுதா?" என்று ஆறாம் அறை ஆலோசகரைக் கேட்டார். நாங்கள் அவரை ஆறாம் அறை அக்கா என்போம். அவர், "பரவலை சிஸ்டர். இத்தனை நாள் வாசலோட திரும்பிப் போனவங்க இப்ப உள்ள வராங்க. ஏன்னுதான் புரியலை" என்றார். நான் குனிந்து பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதை நான் தைரியத்தில் செய்யவில்லை. சொல்லப் பயந்து செய்தேன். என்றைக்கு மாட்டுவேனோ தெரியவில்லை.

இங்கே வர உனக்கு மனமில்லை என்றால் உன் ஊர் ஆஸ்பத்திரிக்காவது போ அக்கா. நீ அதை மட்டும் செய்தால் போதும்.

எலி


பிப்ரவரி 19

எலி,

உன் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்தேன். சிஸ்டர் காலைத் தூக்கிய இடத்தில் தலைவி சிரித்து, குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

அறையில் நாங்கள் மூன்று பேர். தலைவி திருநங்கை. வீட்டு வாடகையிலிருந்து யார் முதலில் குளிப்பது வரை அவள் வைத்ததுதான் சட்டம், அதனால் தலைவி. இன்னொருத்தி கண்ணாடிக்காரி. கண்ணாடியைக் கழற்றினால் சுவரில் முட்டுவாள். லாட்ஜில் தொழில் செய்கிறாள். விடிந்த பிறகு வந்து படுப்பாள், மதியம் ஒரு மணிக்கு எழுவாள்.

ஆஸ்பத்திரிக்குப் போ, போ என்கிறாய். இருக்கிறது, பத்து நிமிட நடை. மருந்தும் இலவசம். கேட்டுக்கொள்.

ஒன்பது மணிக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மூடுகிறார்கள். அந்த நேரத்தில் நான் பனிக்கட்டிக்குள் இருக்கிறேன். கண்ணாடிக்காரி தூங்கிக்கொண்டிருக்கிறாள். யாருக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள்? வேலைவெட்டி இல்லாத, ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்த, ஊருக்குப் பயப்படாத ஆளுக்காக. அப்படி ஒரு ஆளைப் பார்த்தால் சொல், நானும் பார்க்க வேண்டும்.

தலைவி ஒருமுறை போனாள். அவள் அடையாள அட்டையில் இன்னும் பழைய ஆண்பெயர்தான் இருக்கிறது. அதை வாசலில் ஒருத்தன் அடித்தொண்டையில் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான். இவள் புடவையோடு எழுந்து நின்றதும் கூடமே திரும்பியது. "எனக்கு காய்ச்சல் எவ்வளவுன்னு பார்க்க ஒருத்தனும் இல்லடி, நான் எதுன்னு பார்க்கத்தான் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தான்" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். மறுபடி போகவில்லை.

கண்ணாடிக்காரி ஒருநாள் தூக்கத்தை விட்டுப் போனாள். எழவெடுத்த ஒரு பதிவேடு. கணவர் பெயர் என்ன? இல்லை. அப்படியானால் அப்பா பெயர்? தெரியாது. சொந்த வீட்டு முகவரிக்கு ஆதாரம்? ஊரைவிட்டு வந்து வாடகை அறையில் மூன்றாவதாக இருப்பவளுக்கு என்ன ஆதாரம்? "எல்லாம் கொண்டாந்துட்டு நாளைக்கு வாம்மா" என்றான் எழுதுகிறவன். நோயைக் கொண்டுபோனால் போதாதாம், அப்பாவையும் கொண்டுபோக வேண்டுமாம்.

உன் வெள்ளை அட்டை நல்ல அட்டைதான். ஆனால் அட்டை வாங்க ஜன்னல் வரை வர முடிகிறவளுக்குத்தானே அது?

காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. வாயில் புண். போன வருடம் தைத்த சட்டைகள் எல்லாம் அடுத்தவள் சட்டை மாதிரி தொங்குகின்றன. இதை எழுதியிருக்கக் கூடாது. கிழிக்கப் போனேன், தலைவி பிடுங்கி உறையில் போட்டு எச்சில் தொட்டு ஒட்டிவிட்டாள்.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

மாட்டிக்கொண்டேன்.

ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். எங்கள் நிலையத்தில் இரண்டு நிற டோக்கன் முறை இருப்பதாகக் காகிதத்தில் எழுதியிருக்கிறது. "அந்த சிவப்பு டோக்கன் எங்கம்மா, காட்டுங்க" என்றார். பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். சிவப்பே இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

நான் விரலைக் காட்டினேன். விரல் போதவில்லை.

"அட்டை தீந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்னடி கேடு?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. ஜன்னலுக்கு ஓடினேன். உன் கடிதத்திலிருந்து ஆஸ்பத்திரி பற்றிய பகுதியை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். உன்னைப் பற்றி, காய்ச்சலைப் பற்றி ஒன்றும் இல்லை, ஊர் இல்லை, உன் தோழிகள் இன்னார் என்றும் யாருக்கும் தெரியாது. அடிக்கடி படிப்பதற்காக எழுதி வைத்தது. அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

பெரிய சிஸ்டர் அதைச் சத்தமாகப் படித்தார். நோயாளிகளைக் கூப்பிடுகிற குரலிலேயே படித்தார். 'எழவெடுத்த ஒரு பதிவேடு' வந்தபோது அதிகாரி இருமினார். அப்பாவையும் கொண்டுபோக வேண்டுமாம் என்ற இடத்தில் வாசல் அண்ணன் வெளியே நின்று சிரித்துவிட்டார். பெரிய சிஸ்டர் திரும்பிப் போய்ப் பழைய பெயரைக் கூப்பிட்ட இடத்தை மறுபடி படித்ததும் அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஆறாம் அறை அக்கா தன் பதிவேட்டைத் திறந்து காட்டினார். டிசம்பரில் தொண்ணூற்றாறு பேர். பிப்ரவரியில் முந்நூற்று இருபது. "இப்பதான் சார் எனக்குப் புரியுது, ஏன்னு" என்றார்.

பெரிய சிஸ்டர் அந்தத் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நல்லதுன்னு நெனச்சுதான் நான் செவப்பு வெச்சேன்" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

"தெரியும் சிஸ்டர்" என்றேன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசல் அண்ணன், "அடேயப்பா, பேசுது!" என்றார்.

பிறகு ஒரு மணி நேரம் சண்டை. நான் டீ வாங்கி வந்து கொடுத்துக்கொண்டே கேட்டேன். எல்லாருக்கும் வெள்ளை அட்டை. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, எண்தான். ஆறாம் அறைக்குக் கணவர் பெயரும் வேண்டாம், அப்பா பெயரும் வேண்டாம், முகவரி ஆதாரமும் வேண்டாம். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று வருகிறவர் சொல்கிறாரோ அதுவே பெயர். இதெல்லாம் சுலபமாக முடிந்தது. நேரம்தான் முடியவில்லை. "சாயந்திரமும் திறந்தா நாங்க எப்ப வீட்டுக்குப் போறது? எங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கு சார்" என்றார் பெரிய சிஸ்டர். அதுவும் நியாயம்தான். கடைசியில் அவரே, "வியாழக்கிழமை மட்டும். நாலுலேர்ந்து எட்டு. வெள்ளிக்கிழமை காலையில நான் லேட்டாத்தான் வருவேன், சொல்லிட்டேன்" என்றார். அதிகாரி ஆறு வியாழக்கிழமைக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறார். ஆள் வந்தால் தொடரும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். பத்தொன்பதாம் தேதி முதல் வியாழன்.

எனக்குத் தண்டனையும் உண்டு. இனி வியாழக்கிழமை எண்களை நான்தான் வாய்விட்டுக் கூப்பிட வேண்டுமாம்.

எலி


மார்ச் 22

எலி,

நான் என் தங்கைக்கு எழுதினேன். அரசாங்கத்துக்கு எழுதவில்லை. கேட்காமல் எப்படிக் கொடுத்தாய்? இரண்டு நாள் உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

தலைவிக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. "ஆபீசரு நம்ம கதையைக் கேட்டு இருமினாராடி? எப்படி இருமினாரு, நல்லாவா?" என்று தெருவில் போகிறவர்களைப் பிடித்துச் சொல்லாத குறை. வியாழக்கிழமை போகலாம் என்று குதிக்கிறாள். கண்ணாடிக்காரி பஸ் நேரம்கூட விசாரித்துவிட்டாள். இரண்டே காலுக்கு ஒன்று இருக்கிறது, மூன்று மணி நேரப் பயணம்.

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். இத்தனை நாள் அட்டை, நேரம், பதிவேடு என்று திட்டிக்கொண்டிருந்தேன். நீ ஒவ்வொன்றாக எடுத்து அப்பால் வைத்துவிட்டாய். இப்போது திட்ட ஒன்றும் மிச்சமில்லை, பயம் மட்டும் மிச்சமிருக்கிறது. மாமாவின் சீட்டில் இருந்த அந்த வரி என் பெயருக்கு நேராகவும் இருந்தால்? அவர் எப்படிப் போனார் என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். தெரியாத வரைக்கும் நான் வெறும் இறால் உரிப்பவள்.

நேற்று ஆலையில் மயங்கி விழுந்தேன். குளிர் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்காமல் கொடுத்தது தப்பு. இனி செய்ய மாட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று ஆறாம் அறைக்குப் போனேன். பெருக்குவதற்கு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆறாம் அறை அக்கா காலைத் தூக்கவில்லை. "சொல்லு" என்றார். எனக்கு வேண்டிய ஒருத்தருக்காக என்று சொல்ல எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவர் யார் என்று கேட்கவே இல்லை. சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன்.

விரல் நுனியில் ஒரு குத்து. இருபது நிமிடம். 'இல்லை' என்றால் அவ்வளவுதான். 'இருக்கிறது' என்று வந்தால் இன்னும் இரண்டு விதத்தில் பார்த்து உறுதி செய்வார்கள். பெரும்பாலும் அன்றைக்கே மருந்து தொடங்கிவிடலாம். தினமும் ஒரே ஒரு மாத்திரை. விடாமல் சாப்பிட்டால் அந்தக் கிருமி ரத்தச் சோதனையில்கூடத் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். அப்படி அடங்கியே இருந்தால் கூட வாழ்கிறவருக்கும் உடலுறவில் தொற்றாது. மற்றவர்களைப் போலவே வேலை செய்து, வயதாகி, முட்டி வலி என்று புலம்பலாம்.

மாதாமாதம் வருகிற ஒருவர் இருக்கிறார். யார் என்று சொல்ல மாட்டேன், அது எங்கள் சட்டம். பதினொரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். வண்டியை நிழலில் விடவில்லை என்று வாசல் அண்ணனோடு போன வாரம் போட்ட சண்டையைக் கேட்டிருந்தால் நீ இந்தப் பயத்தையே மறந்திருப்பாய். அவ்வளவு தெம்பு அந்தக் குரலில்.

மாமாவுக்கும் மருந்து இருந்தது அக்கா. அவர் நோயால் மட்டும் போகவில்லை. அந்த ஒரு சீட்டுக்குப் பிறகு எந்த வாசலுக்கும் போகாமல் போனார். இந்த வரியை அடிக்கப் போவதில்லை.

முதல் வியாழன் ஒரே ஒருவர் வந்தார், அவரும் மழைக்கு ஒதுங்கியவர். அடுத்தது மூன்று பேர். நேற்று ஐந்து. இன்னும் மூன்று வியாழன் பாக்கி.

அம்மா சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிறாள், தெரியும்தானே. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உன் பாதி அலமாரித் துணிகளை எடுத்து மறுபடி இஸ்திரி போட்டு அடுக்கி வைக்கிறாள். யாரும் உடுத்தாத துணி கசங்குமா? நீ போனதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நடக்கிறது என்று முன்பே எழுதியிருக்க வேண்டும். உன் கோபத்துக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

எலி


ஏப்ரல் 16, வியாழன், மாலை ஐந்தே முக்கால்

எலி,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. உன் ஜன்னலிலிருந்து பத்தடி தூரத்தில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். தலைவிதான் மூன்று பேருக்கும் அட்டை வாங்கி வந்தாள். அவளை நீ நிமிர்ந்து பார்த்து, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்க்கா?" என்று கேட்டாயாமே. வந்து உட்கார்ந்ததிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மை கரைந்து கரடி மாதிரி இருக்கிறாள்.

அவளுக்குப் பதினைந்து. எனக்குப் பதினாறு. கண்ணாடிக்காரிக்குப் பதினேழு, அட்டையை மூக்கருகில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

கூடத்தில் இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். யார் எந்த அறை என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. எல்லார் கையிலும் வெள்ளை.

நீ கூப்பிடும் லட்சணத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். "பன்னெண்டு" என்கிறாய், "என்னது?" என்கிறது கூடம் முழுக்க. இருந்தாலும் பதின்மூன்று கொஞ்சம் பரவாயில்லை. பதினாலு நன்றாகவே கேட்டது.

கை குளிர்ந்துவிட்டது. பனிக்கட்டி இல்லாமலே.

தலைவி உள்ளே போய்விட்டாள். அடுத்து நான். கூப்பிடு எலி. கூப்பிட்டுவிட்டு ஓடிவிடாதே.


ஏழு மணி

இருக்கிறது. மூன்று விதத்திலும் பார்த்துவிட்டார்கள்.

பத்து நிமிடம் அழுதேன். ஆறாம் அறை அக்கா கூடவே இருந்தார். பிறகு காசநோய் இருக்கிறதா என்று ஒரு சோதனை, வாய்ப்புண்ணுக்கு மருந்து, அடுத்து என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் மாத்திரையை அவர் எதிரிலேயே விழுங்கினேன். இரண்டு வருடம் தூக்கமில்லாமல் பயந்தது இந்தச் சின்ன மாத்திரை இருக்கிற பக்கம் வரவா என்று இருந்தது.

தலைவிக்கு இல்லை. கண்ணாடிக்காரிக்கும் அது இல்லை, வேறு ஒன்று இருக்கிறது, ஊசியில் சரியாகிவிடுமாம். இரண்டு பேருக்கும் இனி வராமல் தடுக்கிற மாத்திரை பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் அடுத்த மாதம் வர வேண்டும். ஆலையில் இன்னும் ஏழு பெண்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். உறையில் உன் பொருளும் ஒன்று இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று பேச முடியாததை இப்போது எழுதுகிறேன்.

"பதினாறு" என்றேன். தூணுக்குப் பின்னாலிருந்து நீ எழுந்தாய். பாதியாகிவிட்டிருந்தாய். நான் ஜன்னலை விட்டு வெளியே வந்தது எனக்கே தெரியவில்லை. பெரிய சிஸ்டர், "ஏய், டோக்கனை யாரு பார்ப்பா?" என்று கத்தினார். பிறகு அவரே வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். ஆறாம் அறை வாசல் வரை உன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். "வாயில என்னடி வெச்சிருக்க, ஏதாவது பேசேன்" என்றாய். "ம்" என்றேன். நீ சிரித்தாய்.

இந்த வியாழனோடு ஆறும் முடிந்தது. கடைசி நாள் மட்டும் முப்பத்திரண்டு பேர். தொடரலாம் என்று கடிதம் வந்துவிட்டது. பெரிய சிஸ்டர், "போச்சு, என் வியாழக்கிழமை போச்சு" என்று சொல்லிக்கொண்டே அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போடச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடம் மருந்து பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நீதான். அக்காவைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "மெலிஞ்சிருக்காளா?" என்று கேட்டாள்.

"ம்."

"மறுபடி எப்ப வருவா?"

"அடுத்த மாசம். வியாழக்கிழமை."

"அன்னிக்கு எனக்கு அரை நாள் லீவு சொல்லிடறேன்" என்றாள். உன் துணிகளில் இரண்டை எடுத்துத் தையல் பிரித்து, ஓரத்தைப் பிடித்து, அளவைச் சின்னதாக்கிக்கொண்டிருக்கிறாள். மெதுவாகச் சின்னதாக்கட்டும். சில மாதத்தில் பழைய அளவே சரியாகிவிடும் என்று ஆறாம் அறை அக்கா சொல்கிறார்.

சிவப்பு நான்கு பத்திரமாக வந்து சேர்ந்தது. சாயம் பாதி போயிருந்தது. அட்டைக் கட்டோடு சேர்க்க முடியாது, இப்போது எல்லாம் வெள்ளை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, ஒரு வாரத்துக்கு மேல் மேசையிலேயே கிடந்தது.

ஜன்னல் கதவு இன்னும் தானாக மூடிக்கொண்டுதான் இருந்தது. ஆசாரி வருகிறேன், வருகிறேன் என்கிறார். இன்று காலை அந்த அட்டையை நாலாக மடித்துக் கீலில் செருகினேன். கையை எடுத்துப் பார்த்தேன். திறந்தே நிற்கிறது.

எலி